வீட்டுக் கராஜுக்கு சிசர் லிஃப்ட்: ஐந்து வருடம் பாவித்த அனுபவம்

கிளிநொச்சியில் வீட்டோடு சேர்ந்த சின்னக் கராஜ் என்னுடையது. 2019 கடைசியில் ஒரு சிசர் லிஃப்ட், அதாவது கத்தரிக்கோல் மாதிரி விரியும் கால்களால் வாகனத்தைக் கீழிருந்து தூக்கும் ஒயில் லிஃப்ட், வாங்கிப் போட்டேன், ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. எது வாங்கலாம் என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன். டொலரோடு விலை ஏறி இறங்குவதால் தொகை சொல்லிப் பயனில்லை.

அதற்கு முன் வாகனத்துக்குக் கீழே தரையில் வெட்டிய கிடங்குக்குள் இறங்கித்தான் வேலை. மாரி தொடங்கினால் அதற்குள் தண்ணீர் ஊறி முழங்கால் வரை நிற்கும், இறைத்தால் மறுநாள் திரும்பவும் அதே அளவு. கோடையிலும் எனக்கு நிம்மதி இல்லை, பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, கிடங்கின் அடியில் போய்த் தேங்கும், அதற்குள் நின்றுகொண்டு பெற்றோல் குழாய் கழற்றுவது உயிரோடு விளையாடுவதுதான்.

முதலில் ஆசைப்பட்டது இரண்டு தூண் லிஃப்டுக்கு. வாகனத்தின் அடிப்பக்கம் முழுவதும் வெளியாக இருக்கும், நின்றபடியே கியர்பொக்ஸ் இறக்கலாம். வவுனியாவில் பாவித்த ஒன்று மலிவாகவும் வந்தது. தரையைப் பார்க்க வந்த மேசன் அண்ணை ஒரு மூலையைக் கொத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கொங்கிறீட் இல்லை, பூச்சு. இரண்டு இஞ்சிகூட வராது. இதில போல்ட் இறுக்கினா தூண் தரையோட பிடுங்கிக்கொண்டு வரும்" என்றார். அந்த வகை லிஃப்டைச் சாயாமல் பிடித்து வைத்திருப்பது தூணடிப் போல்ட்கள்தான், அதற்கு ஆகக் குறைந்தது 4 இஞ்சித் தடிப்பில் நல்ல கொங்கிறீட் வேண்டும். கூரையும் இடித்தது: மேலால் குழாய் போகும் வகைக்குக் கிட்டத்தட்ட 12 அடி உயரம் தேவை, என் தகரக் கூரை 9 அடி. விற்க வந்தவர் இது ஒன்றையும் கேட்கவில்லை, எல்லாம் சரிவரும் என்றார்.

அப்படித்தான் சிசருக்கு வந்தேன். 3 தொன் தூக்கும், ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரம் போகும். அதற்கும் பழைய தரையை உடைத்து, கம்பி வலை விரித்து 5 இஞ்சிக்குக் கொங்கிறீட் போட்டு, சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றி 28 நாள் விட்டேன். இந்தக் காசையும் லிஃப்ட் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் ஊரில் ஓடிய பழைய அல்டோ கார், பட்டா எனும் சின்ன லொறி, ஹயஸ் வான் எல்லாவற்றையும் திருத்தித் திருத்தித்தான் ஓட்ட வேண்டியிருந்தது, அந்தக் காலம் முழுக்க இந்த லிஃப்ட் உழைத்தது. பிரேக், ஷொக், ரயர், ஒயில் வேலைக்கு இதைவிட வசதி வேண்டாம், சின்னக் கதிரையில் இருந்தபடி செய்யலாம். ஹயஸுக்கு மட்டும் கவனம். எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருப்பதால் பாரம் முன்பக்கம் இழுக்கும், நாலு இஞ்சி தூக்கி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே விடுவேன். பெரிய குறை, நடுப்பகுதியை லிஃப்டே மறைத்துவிடும். கியர்பொக்ஸ் வேலைக்கு இன்னும் ஸ்டாண்டில் ஏற்றிப் படுத்துத்தான் செய்கிறேன். தினமும் அதுதான் வேலை என்றால் சிசர் வாங்காதீர்கள்.

அப்புறம் கரண்ட். 2.2 கிலோவாட் மோட்டர், சிங்கிள் பேஸில் ஓடும், ஆனால் தனி வயர் இழுத்துத் தனி பிரேக்கர் போடுங்கள். 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் ஒருவரின் அல்டோ, லிஃப்ட் கீழே விழாமல் தாங்கும் பூட்டில் ஏறியபடி இரவு வரை நின்றது. பூட்டை விடுவிக்க லிஃப்டைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும், அதற்கு மோட்டர் ஓட வேண்டும். வீட்டு ஜெனரேற்றர் அந்த மோட்டரை ஸ்டார்ட் பண்ண முடியாமல் திணறி நின்றுவிட்டது.

இவ்வளவு காலத்தில் ஒரு ஹோஸ் மாற்றினேன், ரப்பர் கட்டைகள் இரண்டு தடவை. என்னை உண்மையில் பயமுறுத்தியது ஒரு குளவி. இரண்டு கிழமை பாவிக்காமல் இருந்த பிறகு ஒரு பட்டாவை ஏற்றினேன், வலது பக்கப் பூட்டு விழுந்த சத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தால் பூட்டுப் பல்லுக்குள் விரல் தடிப்பில் மண்கூடு, காய்ந்து கல்லாகி, பூட்டுக் கட்டை பாதியில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அப்போது நான் உள்ளே போயிருந்தால் முழுப் பாரமும் ஒயிலிலும் ஒற்றைப் பூட்டிலும்தான். அன்றிலிருந்து ஏற்றுமுன் இரண்டு பக்கமும் டோர்ச் அடித்துப் பார்க்கிறேன், இரண்டு பூட்டும் 'டக்' என்று விழுந்த சத்தம் கேட்காமல் கீழே கைகூட நீட்டுவதில்லை.