பின்சக்கரத்துக்கு கார் டயரா, பைக் டயரா?

பெட்டிகளும் பின்னால் ஒருவருமாகப் பெரிய டூரிங் பைக் ஓட்டுகிறவர்களுக்குப் பின் டயரின் நடுப்பகுதி எவ்வளவு சீக்கிரம் தட்டையாகும் என்று தெரியும். அதனால்தான் ஹோண்டா கோல்டுவிங் போன்ற வண்டிகளில் சிலர் பின்னால் கார் டயர் மாட்டுகிறார்கள். எம்.ஆர்.எஃப் டயரும் புல்லட்டும் உருவான திருவொற்றியூரிலும் இந்தப் பேச்சு வராமல் இருக்குமா?

ஆயுளில் கார் டயர்தான் ஜெயிக்கும். ரப்பர் கடினம், பள்ளங்கள் ஆழம், விலையும் பெரும்பாலும் குறைவு. நேர்ச்சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வளைவில் கதை வேறு. பைக் டயரின் முகம் வட்டமானது. வண்டி சாயும்போது பிடிப்பும் கூடவே நகரும். கார் டயரின் முகம் தட்டை. சாய்த்தால் ஓரத்தில் ஏறி நின்று, வண்டியை நிமிர்த்தப் பார்க்கும். ஹேண்டில்பாரை விடாமல் அழுத்த வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலை மாதிரி கண்டெய்னர் லாரி ஓடும் பாதையில் தாரில் சக்கரத் தடம் பள்ளமாக விழுந்திருந்தால், அந்தத் தட்டை முகம் தடத்தின் விளிம்பில் ஏறிப் பக்கவாட்டில் இழுக்கும். சிக்னலில் மெதுவாக ஊரும்போதுதான் இது அதிகம் தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ரிம். டயரின் விளிம்பு உட்காரும் இடம் காருக்கும் பைக்குக்கும் ஒரே வடிவம் இல்லை. உட்கார வைக்க அளவுக்கு மேல் காற்று ஏற்றுவது ஆபத்து. டயர் நிறுவனங்கள் பைக்கில் கார் டயர் வேண்டாம் என்பதும் இதனால்தான். ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650 பைக்கின் பின்சக்கரத்துக்கு 150/80-16 அளவில் பைக் டயர் இருக்கும்போது, நான் அதைத்தான் போடுவேன்.