மோல்டன் பிஜி2000 ரப்பர் கூடைப்பந்து: உயரமான ஆள் கிடைக்காத மலைக் கல்லூரி அணிக்குச் சரிவருமா?

ஊட்டி, குன்னூர் பக்கத்துக் கல்லூரி அணிகளுக்கு ஜூன் மாதம் வந்தாலே அடிதான். பிளஸ் டூவில் கலக்கிய ஆறடி மூன்றங்குலப் பையன் "வர்றேன் சார்" என்பான். கோவையில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொண்டு விடுதியும் சாப்பாடும் கொடுத்தால், மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடுவான். அவனைக் குறைசொல்ல முடியாது. மிஞ்சுவது கார்டுகள், அதாவது வெளியே நின்று பந்தை நகர்த்தி ஆடும் குட்டையான ஆட்டக்காரர்கள். அவர்களை வைத்து ஜெயிக்க 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஷாட் விழ வேண்டும், ரிம்மில் (கூடையின் வளையத்தில்) பட்டுத் தூரமாய்த் தெறிக்கும் பந்தை, அதாவது ரீபவுண்டை, ஓடிப் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு இரண்டு பந்து இருந்தால் பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். இரண்டு பேருக்கு ஒன்று என்று ஆறு பந்தாவது வேண்டும்.

திறந்தவெளி சிமென்ட் கோர்ட்டில் தினமும் ஆட பிஜி2000 பொருத்தமான பந்து. தோல் உரியாது, சேறு பட்டால் கழுவிக்கொள்ளலாம். போட்டிப் பந்தைப் போலவே பன்னிரண்டு பட்டைகள் இருப்பதால் விரலுக்கு அதே பள்ளங்கள் பழகும்.

காற்றில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கோவை 410 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. கீழே 8 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடைத்த பந்தை மேலே கொண்டுவந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால், குளிர் கொஞ்சம் ஈடுகட்டினாலும், அழுத்தம் அளக்கும் கேஜ் ஏறத்தாழ 9.5 காட்டும். கல்லாய் இறுகிய அந்தப் பந்து ரிம்மில் பட்டு எங்கெங்கோ எகிறும். ரீபவுண்டை நம்பி வாழும் அணி அது விழும் இடத்தைத் தப்பாகப் பழகிவிடும். மேலே 8 வைத்துக் கீழே கொண்டுபோனால் 6.5-க்கு இறங்கி, தரையில் தட்டி ஆடும் டிரிப்ளிங் செத்துவிடும். ஆகவே போய்ச் சேர்ந்த ஊரில்தான் காற்றைச் சரிபார்க்க வேண்டும். கேஜ் இல்லையா? பந்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து 1.8 மீட்டரில் இருக்கும்படி பிடித்துக் கையை விடுங்கள். மேல்பக்கம் 1.2 முதல் 1.4 மீட்டர் வரை எழும்பினால் போதும். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். காற்று கசிகிறதோ என்று சந்தேகம் வந்தால் வால்வில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

குறையும் உண்டு. பனிமூட்டத்தில் ரப்பர் நனைந்தால் கையில் நிற்காது. ஆளுக்கொரு காய்ந்த பருத்தித் துணி இடுப்பில் இருக்கட்டும். விடியற்காலைக் குளிரில் பந்து விறைத்து விரல் நுனி வலிக்கும். இரவில் தகரக் கொட்டகையில் போடாமல் அறைக்குள் வையுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம்.

கீழே உள்ளரங்கப் போட்டிகளில் கிடைப்பது காம்போசிட் (செயற்கைத் தோல்) பந்து. தொட்டால் மெத்தென்று இருக்கும், உள்ளங்கையில் ஒட்டும். ரப்பரிலேயே பழகியவன் முதல் கால்வாசி ஆட்டத்தில் ஷாட்டை நீளமாகப் போடுவான். அதனால் ஆறையும் ரப்பரில் வாங்காதீர்கள். ஐந்து பிஜி2000, ஒரு பிஜி4500 காம்போசிட். அந்த ஒன்றைப் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் உள்ளரங்கில் மட்டும் எடுங்கள், சிமென்ட்டில் ஒரு நாள்கூட வேண்டாம்.