கேட்டமரானில் பாய் குறைப்பது: மீட்டரைப் பார்த்தா, கடலைப் பார்த்தா?

மதுரையில் உட்கார்ந்துகொண்டு பாய்மரப் படகைப் பற்றி எழுதினால், “வைகையிலயா ஓட்டுறீங்க?” என்றுதான் கேட்பார்கள். படகு மண்டபத்தில், பாக் விரிகுடாப் பக்கம் நிற்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிய பழைய படகு. நம் கரையோரக் கட்டுமரம் இல்லை; இரண்டு உடல், நடுவில் தளம், ஒற்றைப் பாய்மரம் கொண்ட கேட்டமரான்.

காற்று ஏறும்போது பெரிய பாயை எப்போது மடித்துக் குறைப்பது என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. காற்றுமானி காட்டும் எண் ஒரு வரம்பைத் தொட்டதும் மடித்துவிட வேண்டும் என்பது ஒன்று. கடலையும் படகையும் பார்த்து முடிவெடுத்தால் போதும், எண் எதற்கு என்பது இன்னொன்று. மரத்து உச்சியில் மானியை மாட்டச் சொன்னவனே நான்தான். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது கட்சிக்குத் தலைவர், படகைப் பார்த்துக்கொள்ளும் பாம்பன் அண்ணன். வள்ளத்தில் வளர்ந்தவர். “தம்பி, அந்தா கறுத்து வருது பாருங்க” என்று அவர் கை காட்டும் இடத்தில், தண்ணீர் மேல் கருநிழல் போல ஒரு வீச்சு, அதாவது திடீரென்று வலுக்கும் காற்று, வந்துகொண்டிருக்கும். மானிக்கு அது தெரியாது. வந்து சேர்ந்த காற்றைத்தான் அது சொல்லும். வரப்போவதைச் சொல்ல கண்தான் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவர் கட்சிக்கே வெற்றி. சுக்கான் கனப்பது, காற்று போகும் பக்கத்து உடலின் மூக்கு அலைக்குள் குத்துவது, பாய்மரத்தை அந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பி தொய்வது ஆகியவையும் நல்ல அடையாளங்கள்தான்.

ஆனால் கேட்டமரானில் அந்த அடையாளங்கள் தாமதமாக வருகின்றன. எனக்கு முடிவைத் தந்தது இதுதான்.

ஒற்றை உடல் படகு காற்றுக்குச் சாயும். சாயச் சாய பாய் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறையும், அடியில் இருக்கும் எடை திருப்பி இழுக்கும். தட்டில் இருக்கிற தேநீர்க் குவளை உருண்டாலே பாய் அதிகம் என்று தெரிந்துவிடும். கேட்டமரான் அகலத்தால் நிற்கும் படகு. பாயில் சுமை ஏறினாலும் தளம் ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும். சாயாததால் சுமை முழுவதும் மரத்துக்கும் கம்பிகளுக்கும் போகிறது. நம் ஊர் ஃப்ளெக்ஸ் பேனர் மாதிரிதான்: ஆடிக் காற்றில் சவுக்குக் கம்புகள் விறைத்து நிற்கும், கட்டு அறுபடும் வரை ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும். காற்று வரும் பக்கத்து உடல் தண்ணீரை விட்டுத் தூக்கும் அந்தச் சில பாகைச் சாய்விலேயே படகு நிமிரும் பலம் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்கும். முழுதாகக் கவிழ்ந்துவிட்டால் தானாக நிமிராது, தலைகீழாகவே மிதக்கும்.

இதோடு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயின் மேல் விழும் சுமை காற்றின் வேகத்தைப் போல் அல்ல, வேகத்தின் இருமடியைப் போல் ஏறும். 15 நாட் காற்று 21 நாட் ஆனால், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டரிலிருந்து 39 ஆனால், சுமை ஏறக்குறைய இரட்டிப்பு. உடம்புக்கு அந்த வித்தியாசம் ‘கொஞ்சம் காற்று கூடியிருக்கிறது’ என்ற அளவில்தான் தெரிகிறது.

மண்டபத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்குக் கரையை ஒட்டிப் போனால் காற்று தரையைத் தாண்டி வருகிறது. அலை எழும்ப இடமே இல்லை. 20 நாட்டுக்கு மேல் வீசினாலும் தண்ணீர் பரவலாக நுரை கட்டாமல் கிடக்கும். கரையை விட்டு நன்றாக விலகிய பிறகுதான் குட்டையான, செங்குத்தான அலைகள் வந்து அறையும். கடலைப் பார்த்து முடிவெடுக்கிறவரை அந்தக் கரை ஏமாற்றிவிடும். அண்ணனை ஏமாற்றாது, சரி. வாரக் கடைசியில் மதுரையிலிருந்து பஸ் ஏறி வரும் எங்களை ஏமாற்றும்.

பயணக் கேட்டமரான்களுக்கு வரும் அட்டவணைகளில் பெரும்பாலும் 20 நாட் சுமாருக்கு முதல் மடிப்பு, 25-க்கு இரண்டாவது என்றுதான் இருக்கும். படகுக்குப் படகு மாறும். எங்களுடையது பழைய படகு என்பதால் 18-லேயே முதல் மடிப்பு. அந்த எண்ணைச் சராசரிக் காற்றுக்கு அல்ல, வீச்சுக்கு ஒப்பிட வேண்டும். ஒற்றை உடல் படகில் சராசரிக்கு மடிக்கலாம், வீச்சு வந்தால் சாய்ந்து சமாளித்துக்கொள்ளும். இங்கே 14 நின்று வீசி, இடையிடையே 19 தொட்டால், 19-தான் கணக்கு.

மானி கட்சியிலும் ஒரு பொறி இருக்கிறது. அது காட்டுவது படகின் மேல் படும் காற்றை. நிஜக் காற்று 22 நாட், பின்காற்றில் நாம் 8 நாட் ஓடினால் மானி 14 காட்டும். வெயில் சுகமாக இருக்கும், யாராவது கடலைமிட்டாய் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். அதே படகைக் காற்றை நோக்கித் திருப்பினால் எண் 26-ஐத் தொடும். சுமை மூன்று மடங்குக்கு மேல். மடிக்க வேண்டுமானால் அந்தப் பக்கம்தான் திரும்பியாக வேண்டும், ஏனென்றால் பின்காற்றில் பாய் பக்கக் கம்பிகளில் அழுந்தி இறங்க மறுக்கும். அதனால் பின்காற்றில் மானி காட்டும் எண்ணோடு படகின் வேகத்தையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்கிறோம்.

எந்தப் பாயை முதலில் குறைப்பது? எங்கள் படகில் பெரிய பாயே பெரும்பங்கு என்பதால் அதைத்தான். முன்பாயைச் சுருட்டுவது கயிற்றை இழுக்கும் வேலை, அதை எப்போதும் செய்துகொள்ளலாம்.

30 நாட்டுக்கு மேல் இந்த முறை எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தக் காற்றில் நாங்கள் கிளம்புவதில்லை. வழியில் மாட்டியதும் அபூர்வம். மூன்றாவது மடிப்பு பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது.

பராமரிப்பில் மானிக்குக் கொஞ்சம் செலவு உண்டு. உப்பு ஏறினால் கிண்ணம் சுற்றுவது மந்தமாகி எண் குறைத்துக் காட்டும். மரம் ஏறித்தான் கழுவ வேண்டும், அந்த வேலை எப்போதும் எங்களில் இளையவன் தலையில்.

மடிப்பைப் பிரிப்பதில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. வீச்சுகள் 15-க்குக் கீழே அரை மணி நேரமாவது அடங்கியிருந்தால்தான் பிரிக்கலாம் என்பது என் கட்சி. அண்ணன் மேற்கே மேகத்தைப் பார்த்துவிட்டு, “இப்பவே பிரிங்க, சாயந்திரம் போய்ச் சேரணும்ல” என்கிறார்.