எழுதுற வேகம் இல்ல, தூங்குற கரண்ட்: ஈஈப்ராம், எஃப்ராம், ஃபிளாஷ்ல எது?

பேட்டரில ஓடுற சின்ன ப்ராஜெக்ட்டுக்கு, கரண்ட் போனாலும் டேட்டாவ மறக்காத மெமரி (ஈஈப்ராம், எஃப்ராம், ஃபிளாஷ் மூணும் அந்த வகைதான்) தேடுறவங்க முதல்ல பார்க்கிறது எழுதுற வேகமும் எத்தனை தடவ எழுதலாம்ங்கிறதும்தான், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஆனா நோடு (ரீடிங் எடுக்கிற சின்ன போர்டு) 10 நிமிஷத்துக்கு ஒருதரம் முழிச்சு ஒரு ரீடிங் எழுதிட்டு தூங்கப் போகுதுன்னா பேட்டரிய தின்னுறது அந்த எழுத்து இல்ல, மீதி நேரம் பூரா சிப் சும்மா இருக்கே, அதுதான்.

கணக்கு போடுவோம். 24எல்சி256 ஈஈப்ராம் ஒரு பேஜ் எழுத அதிகபட்சம் 5 மில்லிசெகண்ட், 3 மில்லிஆம்ப், ரெண்டையும் பெருக்கினா 15 மைக்ரோகூலும் (பேட்டரில இருந்து போற சார்ஜோட அளவு). தூங்குறப்போ 1 மைக்ரோஆம்ப்னு வெச்சா 10 நிமிஷத்துக்கு, அதாவது 600 செகண்டுக்கு, 600 மைக்ரோகூலும். இப்போ எம்பி85ஆர்சி256வி எஃப்ராம எடுங்க, எழுதுற செலவு கணக்குலயே வராது, ஆனா டேட்டாஷீட்ல ஸ்டாண்ட்பை (சும்மா இருக்கிறப்போ இழுக்கிற கரண்ட்) 27 மைக்ரோஆம்ப்னு இருக்கும், அதே 600 செகண்டுக்கு 16,200 ஆயிடுது! லோ பவர்னு பேர் வாங்கின சிப்புதான் இங்க 26 மடங்கு அதிகமா இழுக்குது.

அதுக்காக எஃப்ராம ஒதுக்கிடாதீங்க. அதோட சப்ளைய மைக்ரோகண்ட்ரோலரோட ஒரு பின்ல இருந்தே குடுக்கலாம், ஓடும்போது 200 மைக்ரோஆம்ப் போதும், எழுதி முடிச்சதும் அந்த பின்ன லோ பண்ணிடுங்க. ஆனா ஐ2சி-யோட (சிப்பும் கண்ட்ரோலரும் பேசிக்கிற எஸ்டிஏ, எஸ்சிஎல்ங்கிற ரெண்டு ஒயர்) புல்-அப் ரெசிஸ்டர், அதாவது அந்த ஒயர்கள சப்ளையோட இணைக்கிற ரெசிஸ்டர், ரெண்டையும் அதே பின்லதான் கட்டணும். மெயின் சப்ளைல விட்டீங்கன்னா எஸ்டிஏ, எஸ்சிஎல் வழியா கரண்ட் சிப்புக்குள்ள பூந்துடும், பவர கட் பண்ணதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும், நான் இத கண்டுபிடிக்க ரெண்டு நாள் மல்டிமீட்டரோட உக்காந்திருந்தேன்.

எஃப்ராம் நிஜமா ஜெயிக்கிற இடம் கவுண்டர்தான். செகண்டுக்கு ஒருதரம் ஒரே இடத்துல எழுதினா ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலருக்குள்ள இருக்கிற ஈஈப்ராமோட 1 லட்சம் தடவை கேரண்டி 28 மணி நேரத்துல முடிஞ்சிடும், லூப்புக்குள்ள தெரியாம ரைட் போட்டு அது நிக்காம எழுதிட்டே இருந்தா அஞ்சரை நிமிஷம்தான் (அதனாலதான் எப்பவும் அப்டேட் ஃபங்ஷன யூஸ் பண்ணுங்கன்னு சொல்றது, மாறாத பைட்ட அது தொடாது). எஃப்ராமுக்கு அந்த கணக்கு 1 லட்சம் கோடி. எழுத காத்திருக்கவும் வேணாம், அதனால பேட்டரி சாகுற கடைசி நொடில கூட நம்பி எழுதலாம்.

செட்டிங்ஸ், காலிப்ரேஷன் மாதிரி எப்பவாவது மாறுறதுக்கு ஏடிமெகாவுக்குள்ள இருக்கிற 1 கேபி ஈஈப்ராமே தாராளம், பிரவுன்-அவுட்ட (வோல்டேஜ் ரொம்ப இறங்கினா கண்ட்ரோலர ரீசெட் பண்ற வசதி) மட்டும் ஆன்ல வைங்க, வோல்டேஜ் இறங்குறப்போ எழுதினா டேட்டா கெட்டுடும்.

லாக், அதாவது ரீடிங்குகளோட பதிவு, சேர்க்கணும்னா டபிள்யூ25க்யூ32 ஃபிளாஷ். ஒரு பைட்ட மாத்த 4 கேபி செக்டரையே அழிக்கணும், அந்த நேரம் 20 மில்லிஆம்ப் பக்கம் இழுக்கும், பழைய சிஆர்2032 காயின் செல்ல வோல்டேஜ் படுத்துடும். ஆனா அழிக்கவே தேவையில்லாம வரிசையா எழுதிட்டே போலாமே! 4 எம்பி, ரீடிங்குக்கு 16 பைட், 10 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா நிரம்பவே கிட்டத்தட்ட 5 வருஷம் ஆகும். தூங்கறதுக்கு முன்னாடி பி9 கமாண்ட் அனுப்ப மறந்துடாதீங்க, அப்போதான் டீப் பவர்-டவுனுக்கு போய் 1 மைக்ரோஆம்ப் அளவுக்கு இறங்கும்.

எஸ்டி கார்ட காயின் செல்லோட சேர்க்கவே வேணாம்.