தகர ஷெட்டுக்குத் தெர்மோகோலா, எக்ஸ்பிஎஸ் பலகையா?

ஊட்டி, கோத்தகிரி பக்கம் தகர ஷெட்டில் பட்டறை நடத்துபவர்களுக்கு இது தெரியும்: டிசம்பர், ஜனவரி காலைகளில் கூரையின் உட்பக்கம் வியர்த்துச் சொட்டும். லேத் மேல் விழுந்த சொட்டு, துடைக்காமல் விட்டால் துருவாகிவிடும். சரி, உள்ளே நுரைப் பலகை ஒட்டலாம். எதை?

விலை: தெர்மோகோல் மலிவு. எக்ஸ்பிஎஸ் (அச்சு வழியாகப் பிதுக்கிச் செய்த பாலிஸ்டைரீன் நுரைப் பலகை) கூடுதல். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிவர இரண்டும் ஒன்றுதான்; எடை இல்லை, இடம்தான் அடைக்கும்.

குளிர்: 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் தடுப்பதைத் தெர்மோகோல் ஏறக்குறைய 60 மி.மீ.யில் தடுத்துவிடும்.

ஈரம்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். தெர்மோகோலை உடைத்தால் மணிமணியாக உதிரும். அந்த மணிகளின் சந்துகளில் நீர் புகும். எக்ஸ்பிஎஸ் மூடிய நுண்ணறைகளாக இறுகியிருப்பதால் நீர் ஏறுவது மிகக் குறைவு. ஆனால் எதைப் போட்டாலும் இணைப்புகளில் டேப் ஒட்டுங்கள். இடைவெளி விட்டால் உள்ளே இருக்கும் காற்று தகரத்தைத் தொட்டு, பலகைக்குப் பின்னால் வியர்க்கும். வெளியே தெரியவும் தெரியாது.

பசை: கரைப்பான் கலந்த பசை இரண்டையும் அரிக்கும். நான் ஒரு பலகையை அப்படித்தான் குழியாக்கினேன்.

நெருப்பு: இரண்டுமே எரியும். வெல்டிங் உண்டென்றால் மேலே சிமெண்ட் போர்டு அடிக்காமல் விடாதீர்கள்.

வாடகை ஷெட், உலர்ந்த சுவர் என்றால் தெர்மோகோல் போதும், கொஞ்சம் அடர்த்தியானதாக வாங்குங்கள். சொந்த ஷெட், கூரை, அப்புறம் தரைக்கு அடியில் என்றால் எக்ஸ்பிஎஸ்தான்.