ஆடிக் கூழுக்கு விறகு வாங்கிய கடை (அல்சூர், பெங்களூரு)

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் மூன்று அண்டா கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவோம், விறகு அடுப்பில்தான். போன வருஷம் விறகுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விலை குறைவாக இருக்கிறதே என்று வேனில் கொண்டுவந்து விற்றவரிடம் வாங்கிவிட்டேன். பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. ஒரே புகை, கூழ் கிளறிய அக்காக்களுக்குக் கண் சிவந்து தண்ணீராகக் கொட்டியது. அதைவிட, எங்கே வெட்டியது அண்ணா என்று கேட்டதற்கு "பன்னேர்கட்டா பக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பியதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அங்கே இருப்பது 1974-லிருந்து தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் விறகு எடுக்கவே கூடாது.

இந்த வருஷம் ஏரிப் பக்கத்துச் சந்தில் இருக்கும் விறகுத் தொட்டிக்குப் போனேன். பெரியவர் முதலில் கேட்டதே "எத்தனை அண்டா மா?" என்றுதான். பத்த வைக்க நீலகிரி (யூகலிப்டஸ், தைலமரம்), பிடித்த பிறகு சவுக்கு, அது நின்று எரியும் என்றார். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார், டங் என்று மணி மாதிரி சத்தம், வெட்டுமுனையில் நட்சத்திரமாக வெடிப்பு. ஆடி மழையில் இப்படிக் காய்ந்த விறகு கிடைப்பது பெரிய விஷயம்.

எல்லாமே எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்கிறார். சவுக்கு விவசாயிகள் நட்டு வெட்டுவது. மாங்கட்டை கோலார் பக்கம் ஸ்ரீனிவாசபுரத்துத் தோப்புகளில் காய்ப்பு நின்றுபோன பழைய மரங்கள். நீலகிரி புதிதாக நட 2017-ல் கர்நாடக அரசு தடை போட்டதால், பழைய அடிக்கட்டையில் துளிர்த்து வளர்ந்ததுதான் வருகிறதாம். காட்டில் தானாகக் காய்ந்து விழுந்ததை வாங்கலாமே ஐயா என்றேன். "வேண்டாம் மா, அதுலதான் கரையான் இருக்கும், கரையானைத் தின்னத்தான் கரடி வரும், அது காட்டுலேயே கிடக்கட்டும்" என்றார்.

எங்கள் பாட்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் சுள்ளி பொறுக்கியவர், அரிவாள் எடுத்தால் திட்டுவார், கைக்கு ஒடிவதுதான் விறகு என்பார். ஒரு வீட்டு அடுப்புக்குத் தலைச்சுமை எடுப்பது வேறு, நகரத்துக்கு வேன் வேனாக ஏற்றுவது வேறு. அந்த வித்தியாசம் தெரிந்த கடைக்காரரை நான் இங்கே இப்போதுதான் பார்க்கிறேன்.

குறை என்றால், தார்ப்பாய் சரியாக மூடாததால் அடுக்கின் கீழ்வரிசை ஈரம், மேலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் தருகிறார். கிலோ 14 ரூபாய், வேன்காரரை விட 4 ரூபாய் அதிகம், ஆனால் இந்த முறை போன வருஷ அளவில் பாதிதான் செலவானது. சின்னதாகப் பிளந்து தர ஆள் இல்லை, டெம்போ வாடகை தனி. ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் போனால் நல்ல சவுக்கு தீர்ந்திருக்கும், ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.