மூஸ் தோல் வில்லை: சின்னதுதான், ஆனால் பேச வைக்கிறது

கனடாவில் 9ஆம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன வருடம் பாலின வன்முறை பற்றிப் பேச ஒரு நிறுவனத்தைக் காசு கொடுத்துக் கூப்பிட்டோம், ஸ்லைடு மேல் ஸ்லைடு, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். இந்த முறை, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 'மூஸ் ஹைட் கேம்பெய்ன்' இயக்கத்தின் தோல் வில்லைகளை வரவழைத்தேன். மூஸ் என்ற பெரிய மான் வகையின் தோல், சட்டையில் குத்திக்கொள்ளலாம். இலவசம்தான். அட்டையில் குத்திய சின்னச் சதுரம், ஆளாளுக்கு மோந்து பார்த்தார்கள்.

அப்புறம் கதையைச் சொன்னேன். 2011இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பூர்வகுடிப் பெண்கள் பலர் காணாமல் போன 'கண்ணீர் நெடுஞ்சாலை' பக்கம் இந்த இயக்கத்தைத் தொடங்கிய பால் லசெர்ட்டும் மகள் ரேவனும் மூஸ் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். அந்தத் தோலைத் துண்டு துண்டாக வெட்டி ஆண்களுக்குக் கொடுத்து, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நிற்பேன் என்று உறுதி எடுக்கச் சொன்னால் என்ன என்று அங்கேதான் தோன்றியிருக்கிறது. ரேவனுக்கு அப்போது 16 வயது என்றதும் கடைசி பெஞ்சு ஃபோனைக் கீழே வைத்தது.

மே மாதத்தில் ஒருநாள் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உண்ணா நோன்பும் உண்டு. இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாமல் மனதைச் சுத்தப்படுத்தும் சடங்காகப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. (நமக்கு விரதம் தெரியும், எனக்குச் சுலபமாக இருந்தது!)

தோல் வேண்டாம் என்பவர்களுக்கு விலங்குத் தோல் இல்லாத வில்லையும் இருக்கிறது. ஆசிரியருக்கான பாடத்திட்டங்களும் இலவசம். ஆனால் வில்லையைக் குத்திவிட்டு அனுப்பினால் அது வெறும் பேட்ஜ்தான், ஒரு பீரியடாவது உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒரு பையன் இன்னும் ஹூடியில் குத்திக்கொண்டு வருகிறான்.